புது மணிக்கு உள்ளே, பழைய மணிக்கு வெளியே

“வாயத் தெறடி!”

அந்த மத்தியானம் என் நினைவில் இந்தச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. தலைமை ஆசிரியரின் அறை. மேஜை மேல் எப்போதோ கொட்டிய சிவப்பு மைக் கறை. ஜன்னலுக்கு வெளியே கண்ணைக் கூச வைக்கும் திருக்கோகர்ணத்து வெயில். அறையின் நடுவே வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்குப் பதினான்கு வயது என்பது அவள் தாயார் கணக்கு.

காலையில் நூல் மில்லில் வேலை, மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. மில்லில் இப்படி அரை நாள் வேலை செய்யும் பிள்ளைகளை அரை நேரக்காரர்கள் என்பார்கள்.

சத்தம் போட்டவர் அவளுடைய தாய்மாமன் கருப்பையா. பொன்னமராவதிப் பக்கம் மாட்டுத் தரகர். சந்தைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.

“மில்லுல பன்னெண்டுக்கு விட்டுர்றாங்க. நானே போயி விசாரிச்சேன். அங்கேருந்து இங்கிட்டு நடந்து வர அரை மணி நேரம். இந்தக் கழுத ஒண்ணரைக்கு வருதுன்னு பெரிய வாத்தியாரு சொல்றாரு. நடுவுல ஒரு மணி நேரம் எங்க போன? சொல்லு!”

“விட்டதும் நேரா வந்துட்டேன் மாமா.”

“எத்தன மணிக்கு விட்டாங்க?”

“பன்னெண்டுக்கு.”

“பாத்தீங்களா? அவ வாயாலயே வந்துருச்சு!”

வாசற்படியில் அவள் தாயார் அடைக்காயி, காலிக் கீரைக் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். மகளின் தலையில் புதிதாகப் பூ இருக்கிறதா, கையில் தெரியாத வளையல் ஏறியிருக்கிறதா என்று அவள் கண் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பார்வைக்குக் கருப்பையாவின் கூச்சலே தேவலை.

தலைமை ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். “இன்னும் ஒரே தடவை ஒன்றரைக்கு வந்தால் பேரை அடித்துவிடுவேன். பேர் இல்லையென்றால் எட்டாவது பரீட்சை இல்லை.”

“அடிச்சிருங்க சாமி, நல்லதாப் போச்சு” என்றார் கருப்பையா. “வர்ற தையில எம் பயலுக்குக் கட்டி வச்சிர்றேன். இதோட சுத்தல் நிக்கட்டும்.”

அப்போதுதான் வள்ளிக்கண்ணு நிமிர்ந்தாள். எட்டாவது பாஸ் செய்தால் உபாத்தியாயர் டிரெயினிங்குக்கு மனுப் போடலாம். மில்லுக்கும் மாமன் வீட்டுக்கும் நடுவே அவளுக்குத் தெரிந்த ஒரே வாசல் அதுதான்.

நிமிர்ந்தபோது அவள் கண் இமைகளில் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். புருவத்திலும் காதோரத்து முடியிலும்கூட இருந்தது.

ஒரு மணி நேரம் ஊர் சுற்றியவள், யாரையோ பார்க்கப் போனவள், முகத்தைக் கூடவா துடைத்திருக்க மாட்டாள்?

சின்ன வாத்தியார்

அந்த அறையில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கருப்பையாவும் அதையே கேட்டார். “ஆமா, இவரு யாரு? புதுசா இருக்காரு?”

இண்டர்மீடியட் முடித்திருந்தேன். மேலே படிக்க வழியில்லை. சும்மா இருக்கவும் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு ஆசிரியர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால், அவர் திரும்பும்வரை அந்த நாற்காலி எனக்கு. மீசை சரியாக முளைக்கவில்லை. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உலகம் முழுவதையும் பற்றிப் பேசுவேன். ஒரு நாள் கரும்பலகையில் வட்டம் போட்டு மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அந்த வாரத்திலேயே வள்ளிக்கண்ணு எந்தக் கடிகாரத்தையும் ஒரு பார்வையில் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

அதுவே அவளுக்கு வினையாயிற்று. மணி தெரியாத பெண்ணாக இருந்திருந்தால் ‘எத்தனை மணிக்கு விட்டார்கள்’ என்ற கேள்விக்கு ‘தெரியாது’ என்று சொல்லித் தப்பியிருப்பாள்.

“கல்யாணம் ஆயிருச்சா ஒங்களுக்கு?” என்றார் கருப்பையா.

“இல்லை.”

“ம்” என்றார்.

அந்த ‘ம்’ இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குள் ஒரு முழுக் கதையும் அவருக்கு அமைந்துவிட்டது.

வில்லையும் பர்மாவும்

பக்கத்து பிரிட்டிஷ் ஜில்லாவில் இருந்த விதிகளை ஒட்டி நம் சமஸ்தானத்து ஆலைக்கும் விதிகள் வந்திருந்தன. எனக்குப் பழக்கமான வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி, நாவல் படிப்பதுபோல் படித்தேன். பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகளை நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. டாக்டர் பார்த்துச் சான்று தர வேண்டும். வேலை செய்யும் பிள்ளையிடம் எண் போட்ட தகர வில்லை இருக்க வேண்டும்.

இதை வகுப்பில் உற்சாகமாக விளக்கினேன். யாரும் சந்தோஷப்படவில்லை. மறுநாள், மூத்த மகனை மில்லுக்கு அனுப்பியிருந்த ஒரு பையனின் தாயார் வந்து, “புள்ளைக்கு நம்பர் போட்டுட்டாங்களே சார், பர்மாச் சண்டைக்குக் கப்பல் ஏத்தத்தானே?” என்று கேட்டாள்.

“இல்லையம்மா, இது பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த சட்டம்.”

“யாருகிட்ட இருந்து?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் போய்விட்டாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் எங்கே போகிறது என்று தெரியாது. அரிசி எங்கே போகிறது என்று தெரியாது. கடையில் சர்க்கரை இல்லை என்று கடைக்காரர் சொன்னால், அவர் முகத்தைப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மூட்டையைத்தான் எல்லாரும் பார்த்தோம். யாரையும் யாரும் நம்பவில்லை. எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது.

முதலில் வள்ளிக்கண்ணுவைச் சந்தேகப்பட்டேன். பஞ்சைப் பார்த்ததும் கருப்பையாவைச் சந்தேகப்பட்டேன். மகனுக்குக் கட்டி வைக்க அவரே கிளப்பிவிட்ட கதையாக இருக்குமோ? பிறகு மில்லைச் சந்தேகப்பட்டேன். ஆனால் அங்கேதான் கை வைக்க இடமில்லை. கூட வேலை செய்யும் பெண்களை விசாரித்தால் அவர்களும் ஒரே குரலில் பன்னிரண்டு என்றார்கள். அவர்களெல்லாம் மில்லிலிருந்து நேரே வீட்டுக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடத்து மணியோடு மல்லுக்கட்டியவள் இவள் ஒருத்திதான்.

வள்ளிக்கண்ணுவிடமே தனியாகக் கேட்டேன்.

“வெரசாத்தான் சார் வாரேன். ஓடிக்கூட வாரேன்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நம்ம பள்ளிக்கூடத்துக் கடியாரம்தான் சார் வெரசா ஓடுது. நான் வர்றதுக்குள்ள அது ஓடிப்போயிருது.”

சிரித்துவிட்டேன். கடிகாரம் ஓடிப்போகுமா?

புளியமரத்துக்கு இரண்டு பக்கம்

என் அத்தானிடம் கைக்கடிகாரம் இருந்தது. எங்கள் குடும்பத்திலேயே அது ஒன்றுதான். சனிக்கிழமை ஒரு நாளைக்கு இரவல் கேட்டேன். அத்தான் அதைக் கழற்றாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்தப் பொண்ணுகிட்டக் காட்டணும்?”

“ஒரு பெண் விஷயமாகத்தான்” என்று உளறிவிட்டு, அதைச் சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மில் திருச்சி ரஸ்தாவில், ஊரைத் தாண்டி இருந்தது. வாசலுக்கு எதிரே பெரிய புளியமரம். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பே போய் அதன் பின்னால் நின்றுகொண்டேன். உள்ளே இயந்திரங்கள் ஓடும் அதிர்வு செருப்பு வழியாகக் காலில் ஏறியது. காற்றில் எண்ணெயும் பஞ்சும் கலந்த ஒரு வாடை. அதோடு எங்கிருந்தோ சுருட்டு வாடையும் வந்தது.

மரத்தைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் கருப்பையா.

“ஓகோ” என்றார்.

“ஓகோ” என்றேன் நானும்.

“நான் நெனச்சது சரியாப் போச்சு. ஒனக்கு இங்கிட்டு என்ன சோலி?”

“உங்களுக்கு என்ன சோலி?”

“எம் மருமக வெளிய வந்து எங்கிட்டுப் போறான்னு பாக்க வந்தேன்.”

“நானும் அதைப் பார்க்கத்தான் வந்தேன்.”

“நீ எதுக்குடா பாக்கணும்?”

நியாயமான கேள்வி. சட்டப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் கையிலிருந்த சாட்டைக் கம்பைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தை மட்டும் நீட்டினேன். இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. பன்னிரண்டு.

வாசலைப் பார்த்தோம். கதவு திறக்கவில்லை.

ஒரு லாரி போயிற்று. புளியம்பூ ஒன்று அவர் துண்டின் மேல் விழுந்தது. கதவு திறக்கவில்லை.

“பின்னால வேற வாசல் இருக்குமோ?” என்று சொல்லிவிட்டு அவர் காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார். நெடுநேரம் கழித்து, வேட்டி நிறைய முள்ளோடு மறுபக்கமாக வந்து சேர்ந்தார். “வேற வாசல் இல்ல” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. என் பக்கத்திலேயே உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கத் தொடங்கினார். எங்கள் இரண்டு பேருக்கும் இடையே பகை இருந்தது என்றாலும், பேச வேறு ஆள் இல்லை.

“மாட்டைக்கூட நம்பலாம் தம்பி. வாயத் தெறந்து பாத்தா வயசு தெரிஞ்சிரும். ரெண்டு பல்லா, நாலு பல்லா, எல்லாப் பல்லும் சேந்துருச்சா... அதுல பொய்யே கெடையாது. பொம்பளப் புள்ள வாயத் தெறந்தாலும் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

அப்போது உள்ளே இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் யாரோ அடித்தார்கள். ஊர் முழுவதும் கேட்கும் சங்கு காலையில் உள்ளே அழைக்கவும், முழு நேரக்காரர்களை அனுப்பவும் மட்டும். அரை நேரக்காரர்களை அனுப்ப இந்த அடிதான். மில் சுவரைத் தாண்டினால் அது கேட்காது.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் தலை நரைத்ததுபோல் பஞ்சு. வள்ளிக்கண்ணு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தாள். புளியமரத்தடியில் எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அந்த முகத்தில் இருந்தது பயம்கூட இல்லை, அலுப்பு.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்று.

கருப்பையா வாசல் காவல்காரரிடம் பாய்ந்தார். அவர் ஒரு வயதான ராவுத்தர். முக்காலியில் உட்கார்ந்து பொடி மட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் பாய், அன்னைக்கு நான் கேட்டப்ப அரை நேரக்காரங்களப் பன்னெண்டுக்கு விடுறதாத்தானே சொன்னீங்க?”

“பன்னெண்டுக்குத்தானேய்யா விட்டிருக்கு?”

“மணி ஒன்று” என்று கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

அவர் அதைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது புது மணி தம்பி. உள்ள கொட்டாயில ஓடுறது பழைய மணி.”

“அப்படியானால் காலையில் உள்ளே விடுவது?”

“காலையில சங்குதான். சங்கு ஆபீசு கடியாரத்தப் பாத்து ஊதுறது. அது புது மணி.”

ராவுத்தர் ஒரு சிட்டிகை பொடியை இழுத்து, கண்ணில் நீர் வழியத் தும்மிவிட்டுச் சொன்னார்: “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

காணாமல் போன ஒரு மணி

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ‘புது மணி’ புரியாமல் இருக்கலாம். யுத்தத்தின் நடுவில் சர்க்கார் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தது. நேற்று ஆறாக இருந்தது இன்று ஏழு. ரயில், தபாலாபீஸ், தாலுகா கச்சேரி, பள்ளிக்கூடம் எல்லாம் புது மணி. கோயிலும் பஞ்சாங்கமும் பழைய மணியிலேயே நின்றன. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் ‘பழைய மணிப்படி’ என்று அச்சடித்தார்கள். பொன்னமராவதிக்குப் போக பஸ்ஸுக்கு வந்தவர், அது போய் ஒரு மணி நேரம் ஆயிற்று என்று கேட்டதும் கண்டக்டர் இல்லாத இடத்தில் நின்று கண்டக்டரைத் திட்டுவார். “வெள்ளைக்காரன் சண்டைக்கு நம்மகிட்ட ஒரு மணி நேரத்த வாங்கிட்டுப் போயிட்டான்” என்று சந்தையில் ஒருவர் அங்கலாய்த்ததை நானே கேட்டிருக்கிறேன். படித்தவன் என்ற திமிரில் சிரித்தும் இருக்கிறேன்.

இங்கே அந்த ஒரு மணியை வாங்கியது வெள்ளைக்காரன் இல்லை. மில்லில் உள்ளே விடும் காலை ஏழு என்பது புது ஏழு. பழைய கணக்கில் ஆறு. பகல் பன்னிரண்டு என்பது பழைய பன்னிரண்டு. புதுக் கணக்கில் ஒன்று. கேட்டால் ‘ஏழிலிருந்து பன்னிரண்டு, ஐந்து மணி நேரம், சட்டப்படி.’ உண்மையில் ஆறு. பழைய பன்னிரண்டுக்கு வெளியே வந்தவள் அரை மணி நேரம் நடந்தால், பள்ளிக்கூடத்துப் புது மணியில் ஒன்றரை.

அவள் சொன்னது நிஜம். மில் சொன்னதும் நிஜம். தலைமை ஆசிரியர் சொன்னதும் நிஜம். இத்தனை நிஜங்களுக்கும் நடுவில் ஒரு பெண் மாட்டிக்கொண்டாள்.

“காலையில் உள்ளே போகும்போது அந்தக் கடிகாரத்தைப் பார்க்கவில்லையா?” என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

“கொட்டாயில இருட்டு சார். முள்ளு தெரியாது.”

கருப்பையா முன்னால் நடந்தார். சுருட்டு அணைந்துபோயிருந்தது, அதையே சப்பிக்கொண்டு போனார். வள்ளிக்கண்ணு எங்கள் இரண்டு பேரிலிருந்தும் தள்ளி, ரஸ்தாவின் அந்த ஓரமாக வந்தாள். வீடு நெருங்கும்போது, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

“எல்லாரும் என்னையத்தான் கேட்டீங்க. கடியாரத்த ஒருத்தரும் கேக்கல.”

டயம் கீப்பர்

திங்கட்கிழமை காலை, சட்டப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மில் ஆபீசுக்குப் போனேன். நேரம் பார்ப்பதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். டயம் கீப்பர் என்பார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, சந்தனப் பொட்டு, தேன் சொட்டும் குரல். அவர் தலைக்கு மேல் புது மணி டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

“உக்காருங்க தம்பி. மோர் சாப்பிடுறீங்களா?”

மோரை மறுத்துவிட்டு விதியைப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்பதுபோல் கேட்டார்.

“ரொம்ப சரி. கொட்டாயில இருக்கிற கடியாரம் பெரிய முதலாளி காலத்துல மாட்டுனது. அதுல கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. சங்கு சர்க்கார் மணிக்கு ஊதணும், அதுவும் உத்தரவு. ஏழும் நெசம், பன்னெண்டும் நெசம். இதுல எது பொய்னு நீங்களே சொல்லுங்க?”

பொய் என்று விரல் வைக்க அங்கே ஒன்றுமே இல்லை. சட்டத்தில் ‘ஐந்து மணி’ என்றுதான் இருந்தது; எந்தக் கடிகாரத்தில் என்று இல்லை.

“யுத்த காலம் தம்பி” என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். “பட்டாளத்துக்குத் துணி போகணும். அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறைன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. பாத்து நடந்துக்கங்க.”

அந்தக் குரலில் தேன் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

தலைமை ஆசிரியரிடம் கெஞ்சி, அவள் பேரை அடிக்காமல் தவணை வாங்கிக்கொண்டு, சமஸ்தானத்துக்கு மனு எழுதினேன். சோதனைக்கு ஓர் அதிகாரி மோட்டாரில் வந்தார். ஆபீசில் உட்கார்ந்தார், ஆபீசு கடிகாரத்தைப் பார்த்தார், மோர் சாப்பிட்டார், போனார்.

அடைக்காயியின் ஏழு மணி

நான் மனுவையும் மோட்டாரையும் நம்பிக்கொண்டிருந்தபோது, அடைக்காயி ஒன்றையும் நம்பவில்லை.

விஷயத்தை அண்ணன் வாயால் கேட்ட அன்று அவள் மகளை அருகே கூப்பிட்டு, தான் விளக்குமாற்றால் அடித்த கைத் தழும்பில் எண்ணெய் தடவினாளாம். அதிகாரியின் மோட்டார் வந்து போன மறுநாள் காலை, கீரைக் கூடையைத் தூக்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மில்லுக்கு வந்துவிட்டாள். அங்கே நடந்ததை ராவுத்தர் எனக்கு நடித்தே காட்டினார்.

சங்கு ஊதியது. எல்லாரும் உள்ளே போனார்கள். அடைக்காயி மகளின் மணிக்கட்டை விடவில்லை.

“என்னம்மா, உள்ள அனுப்பு” என்றார் டயம் கீப்பர்.

“ஏழு அடிக்கட்டும் சாமி.”

“அடிச்சாச்சே. சங்கு காதுல விழலையா?”

“அது புது ஏழு. எம் மகளப் பழைய மணிக்குத்தானே வெளிய விடுறீக? பழைய மணிக்கே உள்ள வரட்டும்.”

“லேட்டா வந்தா கேட்டைச் சாத்திருவோம்.”

“சாத்திக்கங்க. பழைய ஏழுக்கா புது ஏழுக்கா தெறப்பீகன்னு மட்டும் சொல்லிருங்க. இங்கனயே உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்தும் விட்டாள். வாசலுக்கு நேர் நடுவில். பிள்ளையை விட வந்த இன்னொருத்தி, “என்னக்கா?” என்று கேட்டாள். அடைக்காயி சொன்னாள்: “எம் புள்ள ஒரு மணி நேரம் எவங்கூடப் போனான்னு அடிச்சுக் கேட்டேன்டி. அந்த ஒரு மணி நேரமும் இவுக கையிலயே இருந்திருக்கு.”

அவளும் உட்கார்ந்தாள். மறுநாள் வாசல் நிறையத் தாய்மார்கள். பர்மாக் கப்பலைப் பற்றி என்னிடம் கேட்டவளும் அதில் இருந்தாள். உள்ளே நூலைச் சுற்றிக் கட்டப் பிள்ளைகள் இல்லாமல் கொட்டாயில் வேலை குவிந்தது. அந்த வாரக் கடைசியில், யாரும் தொடக் கூடாத அந்தக் கடிகாரத்தில் ஏணி சாய்ந்தது. முள் ஒரு மணி நகர்ந்தது.

வள்ளிக்கண்ணு ஒன்றுக்கு முன்பே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். இமையில் பஞ்சு இல்லை. முகம் கழுவ நேரம் இருந்தது. தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாக இரண்டு தடவை பார்த்துவிட்டு, சட்டைப் பையில் இருந்த தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ஒரே குதூகலம். கருப்பையாவுக்கு இல்லை. “இவ்வளவு சுளுவா விடமாட்டாங்களே தம்பி” என்றார். வியாபாரி அல்லவா?

வாயைத் திற

அவர் சொன்னபடியே ஆயிற்று. உருவத்தில் வளர்ந்த அரை நேரக்காரர்கள் எல்லாரும் மறுபடி டாக்டரிடம் வர வேண்டும் என்று மில்லில் சொன்னார்கள். முதல் பெயர் வள்ளிக்கண்ணு.

சட்டப் புத்தகத்தில் நான் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு விதி இருந்தது. பதினைந்து முடிந்தவர், உடம்பு திடமானவர் என்று டாக்டர் எழுதிவிட்டால், அந்தப் பிள்ளை பெரியவர்களோடு சேர்த்தி. முழு நேரமும் வேலை வாங்கலாம். முழு நேரம் என்றால் பள்ளிக்கூடம் இல்லை. பரீட்சையோ நெருங்கிவிட்டது. முழு நேரம் வேண்டாம் என்றால் வில்லையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அடைக்காயியின் கீரையில் மட்டும் அந்த வீட்டு அடுப்பு எரியாது.

பிறந்த தேதிக்கு எந்தத் தாளும் கிடையாது. “பெரிய மழையில கம்மாய் ஒடைஞ்ச வருசத்துக்கு மறு ஆடியில பொறந்தா” என்றாள் அடைக்காயி. அது எந்த வருஷம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு டாக்டர்கள் பல்லைப் பார்த்துத்தான் வயது எழுதுவார்கள்.

மில் ஆபீசில், புது மணிக் கடிகாரத்துக்குக் கீழே டாக்டர் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். களைத்த மனிதர். வெளியே வரிசை நின்றது, அவருக்கு அவசரம். டயம் கீப்பர் அவர் காதருகே குனிந்து, “வயசு பதினாறு இருக்கும்னுதான் எங்களுக்குத் தோணுது. வளர்த்தியப் பாருங்க” என்றார்.

“வாயைத் திற” என்றார் டாக்டர்.

வள்ளிக்கண்ணு திறக்கவில்லை.

“பயப்படாதே. பல்லை மட்டும் பார்க்கிறேன். திற.”

உதடு இரண்டும் தைத்ததுபோல் இருந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமனைப் பார்க்கவில்லை. நேர் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியர் அறையில் அத்தனை பேர் சேர்ந்து திறக்கச் சொன்ன அதே வாய்.

“ஏம்மா, நீ சொல்லு” என்று டாக்டர் தாயார் பக்கம் திரும்பினார்.

“தெறக்க மாட்டா சார்” என்றாள் அடைக்காயி. இந்தத் தடவை அவள் கண் மகளின் மேல் ஓடவில்லை. டயம் கீப்பர் மேல் நிலைகுத்தி நின்றது.

“பல்லைப் பார்க்காமல் நான் எப்படி எழுதுவது?”

“எழுத வேணாம் சார். இருக்கிற வில்லையோடயே இருந்துக்கிறட்டும்.”

டயம் கீப்பர் முன்னால் வந்தார். “பிடிச்சுத் தெறந்து பாருங்க டாக்டர், இதுகளுக்கெல்லாம் போயி...”

கருப்பையா தொண்டையைச் செருமினார். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர். அந்தக் குரல் எப்போது எவ்வளவு ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அன்று அது ஏறவே இல்லை.

“டாக்டரய்யா, நானும் பல்லுப் பாத்து வயசு சொல்ற ஆளுதான். மாட்டுக்கு. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வாயத் தெறக்காத மாட்ட நாங்க வெல பேச மாட்டோம். அவுத்துக் குடுத்து அனுப்பிருவோம்.”

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு டயம் கீப்பரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பேனாவை மூடினார்.

“அடுத்த ஆள்” என்றார்.

வராந்தாவுக்கு வந்தோம். அவள் வாயை இன்னும் திறக்கவில்லை. தாடை இறுகிப்போய், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அடைக்காயி முந்தானையால் மகளின் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். டயம் கீப்பர் எங்கள் பின்னாலேயே வந்தார். முகத்தில் சிரிப்பு திரும்பிவிட்டது, குரலில் தேனும் திரும்பிவிட்டது.

“சரி, சரி. நின்னது போதும், கொட்டாய்க்குப் போ தாயி” என்றார். “எப்பவும்போலப் பன்னெண்டு அடிச்சதும் வெளிய போயிக்கலாம்.”

வள்ளிக்கண்ணு நாலடி நடந்தாள். நின்றாள். திரும்பினாள். காலையிலிருந்து மூடியிருந்த வாயைத் திறந்தாள்.

“எந்தப் பன்னெண்டுங்க?”